பழைய காசைப் படம் பிடிப்பது: வெளிச்சத்தை எந்தப் பக்கத்தால் விடுவது?

கல்முனையிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: "அண்ணா, அம்மப்பாவின் பிஸ்கட் டின்னில் கொஞ்சம் பழைய குத்திக்காசு கிடந்தது. ஒல்லாந்தர் காலத்துச் செப்புக்காசு இரண்டு, யானை போட்டது ஒன்று, மரம் போட்ட ஒரு சதம், நாலு மூலை ஐந்து சதம், பிறகு வந்த அலுமினியச் சில்லறை. போனில் எடுத்தால் ஒன்றில் வெள்ளையாய்ப் பளிச்சிடுகிறது, இல்லாவிட்டால் கறுத்துப் போகிறது. விற்பனைக்குப் போடுகிற மாதிரிப் படம் வேண்டாம். பார்க்கிறவர் ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டும். பெரிய கமரா இல்லை. எதிலிருந்து தொடங்குவது?"

தங்கச்சி, போனைக் கொஞ்ச நேரம் மேசையில் வைத்துவிட்டு ஒரு காசைக் கையில் எடுங்கள். அதில் உங்களுக்குப் பிடித்தது எது? யானை மேடாக எழுந்து நிற்பதா, செம்பில் ஏறியிருக்கும் நிறமா, பல கை பட்டுத் தேய்ந்துபோன முகமா, அல்லது அது அம்மப்பாவின் காசு என்பதா? இந்த நான்குக்கும் நான்கு விதமான வெளிச்சம் வேண்டும். நான்கையும் ஒரே படத்தில் காட்டப் பார்த்தால் நீங்கள் வேண்டாம் என்று சொன்ன அந்த விற்பனைப் படம்தான் வரும். எதைக் காட்டுவது, எதை இருட்டில் விடுவது என்ற முடிவில்தான் இதன் கலை இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். மற்றதெல்லாம் பழகப் பழக வரும் கைவேலை.

ஏன் வெள்ளையாகவும் கறுப்பாகவும் வருகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். காசின் தட்டையான தளம் தனக்கு எதிரே இருப்பதைத் திருப்பிக் காட்டும். போனை நேர் மேலே பிடித்தால் எதிரே இருப்பது போனின் கறுப்பு முதுகு. அதனால் காசு கறுக்கிறது. பிளாஷ் போட்டால் அந்த வெளிச்சம் போன வழியே லென்சுக்குள் திரும்பி வருகிறது, அதனால் வெளுக்கிறது. ஆகவே பிளாஷை நிறுத்திவிடுங்கள். போனைக் காசுக்கு அருகே கொண்டுபோகாமல் ஓர் அடி தள்ளிப் பிடித்து, இரண்டு மடங்கு சூம் உள்ள லென்சால் எடுங்கள். போனின் நிழல் காசில் விழாது, வட்டமும் கோணாது. போனை இரண்டு புத்தக அடுக்குகளின் மேல் பாலம்போல வைத்து, இரண்டு செக்கன் டைமர் போட்டால் கை நடுக்கமும் போய்விடும். திரையில் காசின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் கூர்மையும் வெளிச்ச அளவும் பூட்டிக்கொள்ளும். பிறகு வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்குங்கள். உலோகம் எப்போதும் ஒரு படி இருட்டாக எடுத்தால்தான் உலோகமாகத் தெரியும். பளபளப்பைக் குறைக்கப் போலரைசர் வடிகட்டி வாங்கச் சொல்பவர்கள் உண்டு. கண்ணாடிக்கும் நீருக்கும் அது உதவும், வெறும் உலோகத்தின் மினுக்கத்தை அது வெட்டாது. பணத்தை வீணாக்க வேண்டாம்.

இனி வெளிச்சம். நமக்கு இங்கே ஒரு பெரிய வசதி இருக்கிறது: கல்முனையானாலும் கல்லடியானாலும் கடல் கிழக்கே இருக்கிறது, சூரியன் மறைப்பில்லாமல் எழும்புகிறது. நாம் பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் அது ஏறக்குறைய நேராக மேலே ஏறும். உதித்து அரை மணிக்கூறில் ஏழு பாகை, ஒரு மணிக்கூறில் பதினான்கு பாகை. இந்த இடைப்பட்ட நேரம்தான் காசுக்கு உரிய நேரம். மயிரிழை உயரத்துக்கு எழும்பியிருக்கும் எழுத்துக்கூட அந்தச் சாய்ந்த வெளிச்சத்தில் தன் நிழலை விழுத்தும். எட்டு மணிக்குப் பிறகு அதே காசு தட்டையாகிவிடும்.

உங்கள் ஒல்லாந்தர் காசை முதலில் இந்த வெளிச்சத்தில் வையுங்கள். அது ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி வெளியிட்ட டொயிற்று என்ற சிறு செப்புக்காசாக இருந்தால் ஒரு பக்கத்தில் ஒரு பெரிய வி, அதன் இரு கால்களிலும் ஓ, சி என்ற எழுத்துகள், அதோடு ஆண்டு இருக்கும். மறுபக்கத்தில் நெதர்லாந்தின் ஏதாவது ஒரு மாகாணத்தின் கேடயச் சின்னம். மட்டக்களப்புக் கோட்டையை 1638இல் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த ஒல்லாந்தர் இந்தக் கரையில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் இருந்தார்கள். அந்தக் கம்பனியின் முத்திரைதான் உங்கள் கையில் இருக்கிறது. அந்த எழுத்துகள் மெல்லிய கோடுகளாகத் தட்டையான தளத்தில் எழும்பியவை. சாய்ந்த வெளிச்சம் அவற்றுக்குத்தான் மிகப் பொருந்தும்.

வெளிச்சம் எந்தப் பக்கத்தால் வருகிறது என்பதில் கவனம் வேண்டும். வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று நம் கண் பழகிவிட்டது. படத்தில் அது கீழிருந்து வந்தால் மேடு பள்ளமாகத் தெரியும். முகம் காசுக்குள் குழிந்து போனதுபோல இருக்கும். ஆகவே கடிகாரத்தில் பத்துக்கும் பதினொன்றுக்கும் இடையிலிருந்து வெளிச்சம் விழும்படி காசைத் திருப்பி வையுங்கள். இதையே வேண்டுமென்று தலைகீழாகச் செய்து, மேடான எழுத்தைப் பள்ளமாகக் காட்டும் படமும் எடுக்கலாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே காசு என்று சொன்னால்கூட ஆட்கள் நம்ப மாட்டார்கள்.

கடற்கரைக்குக் காசைக் கொண்டுபோக வேண்டாம். கச்சான் காற்றுக் காலத்தில் மணல் பறக்கும், உப்பு ஈரமும் செம்புக்கு ஆகாது. கிழக்கே பார்த்த விறாந்தை போதும்.

யன்னல் வெளிச்சத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெளிநாட்டுப் புத்தகங்கள் எல்லாம் வடக்கு யன்னலில் வை, அங்கே வெயில் வராது, வெளிச்சம் மிருதுவாக இருக்கும் என்று சொல்லும். ஐரோப்பாவில் அது சரி. நமக்கு ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஓகஸ்ட் முடியும்வரை மத்தியானச் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கிறது. அந்த மாதங்களில் காலையும் மாலையும் வடக்கு யன்னலில் வெயில் அடிக்கும். அப்போது தெற்கு யன்னலை எடுங்கள், மற்ற மாதங்களில் வடக்கை. மாரியில், வானம் முழுக்க மூடிக்கிடக்கும் நாட்களில், எந்த யன்னலும் சரி. செம்பின் நிறத்தை எடுக்க அந்த மாரி வெளிச்சத்தைப்போல வேறொன்று கிடையாது. பழுப்பு, ஊதா, பச்சை என்று செம்பில் ஏறியிருப்பதெல்லாம் அமைதியாகத் தெரியும்.

உங்கள் யானைக்காசுக்கும் இந்த மிருதுவான வெளிச்சம்தான். அது 1815 என்று போட்ட, ஸ்டைவர் என்ற ஆங்கிலேயர் காலத்துச் செப்புக்காசாக இருந்தால் ஒரு பக்கம் மூன்றாம் ஜோர்ஜின் முகம், மறுபக்கம் யானை இருக்கும். கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போன அதே ஆண்டு. யானையின் உடல் வளைந்து உருண்டது. அதில் கூர்மையான சாய்வெளிச்சம் விழுந்தால் பாதி யானை கறுப்புக்குள் போய்விடும். வெள்ளை யோகட் கப் ஒன்றின் அடியை வெட்டி எடுத்துவிட்டு, அதைக் காசைச் சுற்றிக் கவிழ்த்து வையுங்கள். மேலே உள்ள ஓட்டைக்குள்ளால் போன் பார்க்கட்டும். வெளியே ஒரு பக்கத்தில் மட்டும் மேசை விளக்கு. கப்பின் சுவர் முழுவதும் ஒளிரும், விளக்குப் பக்கம் கூட, மறுபக்கம் குறைய. யானையின் முதுகில் வெளிச்சம் மெல்ல இறங்கி வயிற்றில் நிழலாகும். வெண்மை போதாவிட்டால் உள்ளே ஒரு வெள்ளைத் தாளைச் சுற்றுங்கள்.

இன்னொரு முறை இருக்கிறது, கண்ணாடி முறை. பழைய படச்சட்டத்துக் கண்ணாடி ஒன்றைக் காசுக்கும் போனுக்கும் நடுவே 45 பாகை சாய்த்துப் பிடித்து நிறுத்துங்கள். பக்கத்திலிருந்து வரும் விளக்கொளி அந்தக் கண்ணாடியில் பட்டுக் காசின் மேல் நேராக இறங்கும். போன் கண்ணாடி ஊடாகப் பார்க்கும். கண்ணாடியைத் தாண்டிப் போகும் மிச்ச வெளிச்சத்தை விழுங்க மறுபக்கத்தில் ஒரு கறுப்புத் துணி. இதில் எல்லாம் மாறிவிடும்: தட்டையான தளம் ஒளிர, எழுத்தும் உருவமும் கறுப்புக் கோடாக வரும். புதுக் காசுக்கு இது அழகு. தேய்ந்த காசுக்கு அவ்வளவு பயன் இல்லை.

தேய்ந்த காசைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது. சேகரிப்பவர்கள் அதை ஒதுக்கிவிடுவார்கள். படம் எடுப்பவருக்கு அதுதான் முதலில் கையில் எடுக்க வேண்டிய காசு. காசில் எது மிக உயரமோ அதுதான் முதலில் தேயும்: ராசாவின் கன்னம், காதுக்கு மேலே முடி, யானையின் தோள். அவற்றைவிடத் தாழ்வாக இருக்கும் எழுத்து கடைசிவரை நிற்கும். அதனால் தேய்ந்த காசில் முகம் போய்ப் பெயர் மட்டும் மிஞ்சியிருக்கும். அது எத்தனையோ மடிக்குள்ளும் முந்தானை முடிச்சிலும் கடைப் பெட்டியிலும் கிடந்ததன் அடையாளம். அதைச் சுரண்டி, புளி போட்டு மினுக்கி எடுக்காதீர்கள். மினுக்கிய செம்பு படத்தில் நேற்று வெட்டிய தகடு மாதிரி இருக்கும், காசின் மேற்பரப்பும் திரும்பி வராதபடி கெட்டுவிடும்.

இரவில் விளக்கை அணைத்துவிட்டு, தேய்ந்த டொயிற்றை அசையாமல் வையுங்கள். போனும் அசையக் கூடாது. ஒரு சின்ன டோர்ச்சை மேசை மட்டத்துக்குக் கிட்டத் தாழ்த்திப் பிடித்து, பன்னிரண்டு மணித் திசையிலிருந்து ஒரு படம், ஒரு மணித் திசையிலிருந்து ஒரு படம் என்று சுற்றி வாருங்கள். பிறகு பன்னிரண்டு படத்தையும் வேகமாக ஓட்டிப் பாருங்கள். ஒரு திசையில் இல்லாத இலக்கம் இன்னொரு திசையில் எழும்பி வரும். மூன்று மணியில் 1 மட்டும், ஏழு மணியில் 7 மட்டும் என்று ஆண்டு துண்டு துண்டாகக் கிடைக்கும். இது விளையாட்டு இல்லை. அரும்பொருளகங்களில் தேய்ந்த கல்வெட்டையும் காசையும் படிக்கும் முறை ஒன்று இதே அடிப்படையில் இயங்குகிறது. 2001இல் எச்பி கணினிக் கம்பனியின் ஆய்வகத்தில் டொம் மால்ஸ்பெண்டர் குழுவினர் வெளியிட்ட நுட்பம் அதற்கு வழி திறந்தது. அதில் கணினி எல்லாத் திசை வெளிச்சத்தையும் சேர்த்து, திரையில் நாம் விரும்பிய பக்கத்தால் வெளிச்சத்தை நகர்த்த விடும். நீங்கள் பன்னிரண்டு படத்தையும் ஒரு சிறு வீடியோவாகக் கோர்த்தால் போதும். அசையாத ஒரு காசின் மேல் பகல் முழுவதும் ஓடிப்போவது மாதிரி இருக்கும். என்னைக் கேட்டால், நீங்கள் முதலில் செய்ய வேண்டியது இதுதான்.

மரம் போட்ட ஒரு சதத்தையும் விட்டுவிடாதீர்கள். 1870இல் விக்டோரியா காலத்தில் வந்த சதக் காசிலிருந்து அந்தப் பனை இன மரமும் அதைச் சூழத் தமிழ், சிங்கள எழுத்தும் தொடர்ந்து வந்தன. முழுக் காசையும் எடுக்காமல் அந்தத் தமிழ் எழுத்துகளை மட்டும் சட்டம் முழுக்க வரும்படி எடுத்துப் பாருங்கள். போனோடு கொழுவும் சிறிய மெக்ரோ லென்ஸ், அதாவது மிகக் கிட்டப் போய் எடுக்க உதவும் லென்ஸ், இதற்குப் போதும். யாரிடமாவது பழைய கமராவும் 50 மில்லிமீற்றர் லென்சும் இருந்தால், அந்த லென்சை ஒரு வளையத்தால் மறுபக்கம் திருப்பிப் பூட்டினால் அதுவே நல்ல மெக்ரோ ஆகும். ஆனால் இவ்வளவு கிட்டப் போனால் கூர்மையாக விழும் ஆழம் மிகக் குறைவு. பெரிய சென்சர் உள்ள முழுச்சட்டக் கமராவில் காசின் விம்பம் அந்தச் சென்சரில் தன் உண்மை அளவில் விழும்போது, லென்சின் துவாரம் எஃப் 8இல் இருந்தால் ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர்தான். காசும் லென்சும் சமாந்தரமாக இருந்தால் அது தாராளம். சமாந்தரமா என்று பார்க்க, காசு இருக்கும் இடத்தில் ஒரு சின்ன முகக்கண்ணாடியை வையுங்கள். திரையின் நட்டநடுவில் லென்சின் விம்பம் தெரிந்தால் சரி. காசைச் சரித்து எடுக்க ஆசையென்றால் ஓர் எழுத்து மட்டும் கூர்மையாக, மற்றவை கரைந்து போகட்டும். முழுவதும் கூர்மை வேண்டுமானால், கூர்மையை முன்னிருந்து பின்னுக்கு நகர்த்திப் பல படம் எடுத்துக் கணினியில் சேர்க்கலாம். இலவச மென்பொருளே உண்டு.

இனி அம்மப்பாவின் காசு என்ற பக்கம். தனிக் காசைக் கறுப்புத் துணியில் வைத்து எடுத்த படம் எவ்வளவு அழகாக வந்தாலும் அது எந்த ஊர்க் காசாகவும் இருக்கலாம். நம் வீட்டில் காசு சும்மா கிடப்பதில்லை. சித்திரை வருசத்தில் கைவிசேஷம் கொடுக்கும்போது அது வெற்றிலையில் ஏறுகிறது. யாருக்காவது சுகமில்லை என்றால் மஞ்சள் துணியில் நேர்த்திக்காசாக முடிந்து சாமி அறையில் தொங்குகிறது. அம்மம்மாவின் கையில் வெற்றிலை, அதன் மேல் அந்தச் செப்புச் சதம்: இதை யோசித்துப் பாருங்கள். செம்பின் சிவப்பும் வெற்றிலையின் பச்சையும் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும் நிறங்கள். பக்கத்து யன்னலால் வரும் சாய்ந்த வெளிச்சம் காசின் எழுத்தை எழுப்பும் அதே வேலையைக் கையின் ரேகைக்கும் சுருக்கத்துக்கும் செய்யும். கை தனக்கு, காசு தனக்கு என்று இரண்டு வெளிச்சம் வைக்கத் தேவையில்லை. கையை அசையாமல் பிடிக்கச் சொல்லி அவரைக் கஷ்டப்படுத்தாமல், கொடுக்கிற அந்தக் கணத்திலேயே அடுத்தடுத்துப் பல படம் எடுங்கள். ஒன்று சரியாக அமையும்.

நேர்த்திக்காசை எடுப்பதாக இருந்தால் முடிச்சை அவிழ்க்காதீர்கள். துணிக்குள் காசு இருப்பதை அதன் வட்டம் புடைத்துக் காட்டும். துணிக்குப் பக்கவெளிச்சம் கொடுத்தால் அந்த வட்டமே படம். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக் காலத்தில் கோயிலில் எடுக்க நினைத்தால் கட்டாயம் கேட்டுவிட்டு எடுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள்.

பின்னணிக்குத் துணி வேண்டுமென்றால் உங்களுக்குப் பக்கத்திலேயே மருதமுனைக் கைத்தறி இருக்கிறது. அடர்ந்த ஒரே நிறத் துண்டு ஒன்று எடுங்கள். கட்டம் போட்டது வேண்டாம். பன்பாயும் அழகுதான், ஆனால் அதன் பின்னல் காசின் எழுத்தோடு சண்டை பிடிக்கும். பன்பாயில் வைப்பதானால் நாலு மூலை ஐந்து சதத்தை வையுங்கள். பாயின் சதுரப் பின்னலுக்குள் மூலை மழுங்கிய ஒரு சதுரக் காசு, வெளிச்சம் ஒரு பக்கத்தால். அது நிற்கும்.

அலுமினியச் சில்லறையை யாரும் மதிப்பதில்லை. கழுவிய கிண்ணத்தில் நல்ல தண்ணீர் விட்டு, 1963இல் வந்த அலுமினிய ஒரு சதத்தை முள்ளுக்கரண்டியில் ஏற்றி மட்டமாக மெதுவாக இறக்குங்கள்; நீரின் மேல்தோல் அதைத் தாங்கும், மிதக்கும். சவர்க்காரம் ஒட்டியிருந்தால் தாண்டுவிடும். காசைச் சுற்றி நீர் வளைந்து கீழிறங்குவதைப் பாருங்கள். எதிரே ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்தால் அந்த வளைவு ஒளிவளையமாகத் தெரியும். ஓரம் அலையலையான இரண்டு சதம் என்றால் அந்த ஒளிவளையமும் அலையும். செப்புக் காசைத் தண்ணீரில் போடாதீர்கள், உப்புக் கலந்த வாவித் தண்ணீரில் ஒருபோதும் வேண்டாம். உப்பிலுள்ள குளோரைட்டு செம்புக்குள் இறங்கினால் வெளிறிய பச்சைத் தூளாகக் காசைத் தின்னத் தொடங்கும்.

விளையாட விரும்பினால் இன்றைய காசை எடுங்கள். 2005க்குப் பிறகு வந்த, உருக்கில் பூச்சுப் போட்ட காசு காந்தத்தில் ஒட்டும். பாய்க்கோ தாளுக்கோ அடியில் பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை வைத்தால் காசு ஓரத்தில் நிமிர்ந்து நிற்கும். சூரியன் ஏழு பாகையில் இருக்கும்போது அதன் நிழல் காசைப்போல எட்டு மடங்கு நீளம்; இரண்டு ரூபாய்க் காசுக்கு ஒரு சாணுக்கு மேல். காசை ஓரத்தில் ஒதுக்கிவிட்டு நிழலை முக்கியமாக எடுங்கள். சுழற்றிவிட்டு எடுப்பதும் நல்லது: கறுப்புப் பின்னணி, ஒரு பக்க டோர்ச், வெளிச்சம் விழும் நேரத்தை நாமே குறிக்கும் போனின் புரோ முறையில் கால் செக்கன். காசு மறைந்து கண்ணாடி உருண்டை ஒன்று நிற்கும். தடித்த ஐந்து ரூபாய் இதற்கு வசதி, நெடுநேரம் சுழலும். 2013 என்று ஆண்டு போட்டு மாவட்டத்துக்கு ஒன்றாக வந்த 25 பத்து ரூபாய்க் காசுகளில் மட்டக்களப்பும் அம்பாறையும் கிடைத்தால் இரண்டையும் எடுத்து வையுங்கள். ஒரு தொடர்ப் படத்துக்கு உதவும்.

எந்த விளையாட்டுக்கும் முன் ஒவ்வொரு காசையும் இரு பக்கமும் நேராக, பக்கத்தில் ஓர் அடிமட்டம் வைத்து, ஒரு சாதாரணப் படம் எடுத்து வைத்துவிடுங்கள். குடும்பத்துக்கு அது பதிவு. அம்மப்பா அதை எங்கே பெற்றார் என்று யாருக்காவது தெரிந்தால் அதையும் எழுதிச் சேருங்கள். மண்ணுக்குள் இருந்து புதிதாக எடுத்த காசு என்றால் கதை வேறு. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் இருக்கிறது, தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும்.

படத்தைத் திருத்தும்போது கை கட்டுப்பாடாக இருக்கட்டும். வெள்ளைத் தாள் ஒன்றை வைத்து நிறத்தைச் சரிசெய்து, கறுப்பைச் சற்று ஆழமாக்கினால் போதும். கூர்மையைக் கூட்டினால் தேய்வு கீறலாக மாறிவிடும்.

காசை எப்போதும் ஓரத்தில் பிடியுங்கள். செம்பில் விரல் வியர்வை சில நாளில் அடையாளமாகிவிடும். கீழே மடித்த துவாய் ஒன்று விரித்திருங்கள், விழுந்தாலும் அடிபடாது. முடிந்ததும் பழைய பிஸ்கட் டின்னுக்குள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டாமல், ஒவ்வொன்றையும் தனித்தனிக் கடதாசி உறையில் போட்டு, சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டையும் வைத்து மூடுங்கள். மெதுமெதுவென்று இருக்கும் பீவீசி பிளாஸ்டிக் உறை வேண்டாம். நம் ஊர் வெக்கையில் அது கசிந்து காசில் பச்சைப் பிசினாக ஒட்டிக்கொள்ளும்.